பத்து ஆம்பியூல், இரண்டு கையெழுத்து

மார்ஃபின், ஃபென்டனில், பெத்திடின், கெட்டமின் போன்ற மருந்துகளை மருத்துவமனையில் மற்ற மருந்துகளோடு சேர்த்து வைப்பதில்லை. பூட்டிய பீரோவுக்குள் பூட்டிய இன்னொரு அறை இவற்றுக்கென்றே இருக்கும். சாவி டியூட்டியில் இருக்கும் பொறுப்பு நர்சிடம் இருக்கும். நாளுக்கு ஒரு முறையாவது, நல்ல மருத்துவமனைகளில் ஷிப்ட் மாறும்போதெல்லாம், இருவர் சேர்ந்து இவற்றை எண்ணிப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். கடுமையான வலியை அடக்கவும் அறுவைச் சிகிச்சையின்போது வலி தெரியாமலிருக்கவும் இவற்றை விட்டால் வேறு வழி குறைவு. பழக்கமாகிவிட்டால் விடுபடுவது கடினம் என்பதும் இதே மருந்துகளின் குணம்தான். அந்தப் பழக்கம் வெளியாளுக்கு மட்டும் வருவதில்லை, தினமும் இவற்றைக் கையாளும் மருத்துவப் பணியாளருக்கும் வரலாம்.

இந்தியாவில் இவற்றின்மேல் பல சட்டங்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. அடிப்படை, 1985ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். (போதை மருந்துகள், மனமயக்கப் பொருள்கள்) சட்டம். 2014இல் அதைத் திருத்தியபோது ‘அத்தியாவசிய போதை மருந்து’ என்றொரு வகை உருவானது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அதில் அடங்கும். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் இவற்றை வாங்கி வைக்கலாம். வரவு, செலவு, இருப்புக்குக் கணக்கு வைத்தாக வேண்டும். பெத்திடின் இந்த ஆறில் இல்லை. கெட்டமினோ மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் இருக்கிறது. அந்த அட்டவணை மருந்துகளைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். சட்டப் பட்டியல்கள் வேறு வேறு, வார்டில் பீரோ ஒன்றுதான். ஆகவே எல்லாவற்றையும் ஒரே முறையில் எண்ணிவிடுவது நடைமுறை.

காலை எட்டு மணிக்கு இரவு டியூட்டி முடிக்கும் சிஸ்டரும் காலை டியூட்டிக்கு வந்த சிஸ்டரும் பீரோ முன்னால் நிற்பார்கள். பதிவேட்டில் மருந்துக்கு ஒரு பக்கம் மட்டும் போதாது, அளவுக்கு அளவு தனிப் பக்கம் வேண்டும்: ஃபென்டனில் 2 மில்லி ஆம்பியூலுக்கு ஒன்று, 10 மில்லிக்கு இன்னொன்று. நேற்றுக் காலை இருப்பு 10. இன்டென்ட் போட்டு மருந்தகத்திலிருந்து வாங்கியது 5. செலவு 4. இப்போது இருக்க வேண்டியது 11. ஒவ்வொரு செலவுக்கும் நேரே நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், நேரம், எழுதிக் கொடுத்த மருத்துவர், போட்டவர், உடனிருந்தவர் என்று வரிசையாக இருக்கும். சீல் உடைத்த அட்டைப்பெட்டியின் மேல் ‘10’ என்று அச்சடித்திருப்பதை நம்பக் கூடாது. வெளியே எடுத்துத்தான் எண்ண வேண்டும். கண்ணாடியில் கீறல், கழுத்தில் பசை, லேபிளில் கிழிசல் உண்டா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதும் எண்ணிக்கையில் சேர்த்தி. பல மருத்துவமனைகளில் காலி ஆம்பியூலைத் திருப்பிக் கொடுத்தால்தான் மருந்தகம் புதியது தரும். அதனால் செலவான நான்கின் காலிக் கண்ணாடிகளும் எண்ணிக்கைக்கு வரும்.

தப்பாக எழுதிவிட்டால் மேலெழுதுவதோ வெள்ளை மை பூசுவதோ கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடு கிழித்து, சரியானதை எழுதி, தேதியோடு கையெழுத்திட வேண்டும். பக்க எண் அச்சிட்ட, தைத்த பதிவேடுதான் இதற்கு உகந்தது. தனித்தாள் என்றால் ஒன்று காணாமல் போனாலும் தெரியாது.

திருடனைப் பிடிக்கவே இப்படி எண்ணுகிறார்கள் என்று தோன்றலாம். எண்ணிக்கைக்கு அந்தச் சக்தி கிடையாது. காலத்தைச் சுருக்கித் தருவதுதான் அதன் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் எண்ணும் வார்டில் ஓர் ஆம்பியூல் குறைந்தால், மூன்று ஷிப்ட் கணக்கில் 21 ஷிப்டில் வந்துபோன அத்தனை பேர்மேலும் சந்தேகம் விழும். யார் கையில் தொலைந்தது என்று கடைசிவரை தெரியாது. நேற்று இரவு எட்டுக்குச் சரியாக இருந்தது, இன்று காலை எட்டுக்கு ஒன்று குறைகிறது என்றால், பார்க்க வேண்டியது அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை மட்டும்தான். மற்றவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். டியூட்டி முடிந்த களைப்பில் பெரும் தொல்லையாகத் தெரியும் இந்தக் கையெழுத்து, போட்டவருக்குத்தான் முதல் பாதுகாப்பு.

நடைமுறையில் இதைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம்தான். ஒருவர் பதிவேட்டைப் பார்த்து “பதினொண்ணு இருக்கணும்” என்பார், மற்றவர் பெட்டியை எட்டிப் பார்த்து “இருக்கு” என்பார். விடையை முதலிலேயே சொல்லிவிட்டால் கண் அந்த விடையைத்தான் காணும். மருந்து வழங்கும் தானியங்கிப் பெட்டிகளில் இதற்கொரு மாற்று உண்டு. எத்தனை இருக்க வேண்டும் என்று இயந்திரம் சொல்லாது. எத்தனை இருக்கிறது என்று கேட்கும். எண்ணியவர் எண்ணை அடித்த பிறகே ஒப்பிடும். இந்த முறைக்கு இயந்திரம் வேண்டும் என்பதில்லை. எண்ணுபவர் எண்ணைச் சொன்ன பிறகு பதிவேட்டைத் திறந்தாலே போதும்.

முழு ஆம்பியூலைவிட மீதி மருந்தில்தான் கசிவு எளிது. 2 மில்லி ஃபென்டனில் ஆம்பியூலில் 100 மைக்ரோகிராம் இருக்கும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 30 மைக்ரோகிராம், அதாவது 0.6 மில்லி போட்டால், 1.4 மில்லி சிரிஞ்சிலேயே நிற்கும். பதிவேட்டில் ‘ஒன்று செலவு’ என்று எழுதினால் கணக்கு நேர்தான், ஆனால் பாதிக்கு மேல் மருந்து கணக்குக்கு வெளியே போய்விடுகிறது. எனவே கொடுத்தது எவ்வளவு, கொட்டியது எவ்வளவு என்று தனித்தனியே எழுதி, கொட்டும்போது நேரில் பார்த்தவர் கையெழுத்திட வேண்டும். அறுவை அரங்கில் அடுத்த நோயாளி மேசைக்கு வந்துவிட்ட நேரத்தில், பார்க்காமலே ‘பார்த்தேன்’ என்று கையெழுத்திடுவது மிகச் சாதாரணம். இந்த ஏற்பாட்டின் மிகப் பலவீனமான இடமும் அதுதான்.

எண்ணிக்கை உதைத்தால் முதலில் பார்க்க வேண்டியது கூட்டல் கழித்தல். அடுத்து, பழைய பக்கத்து இருப்பைப் புதுப் பக்கத்துக்கு ஏற்றியது சரியா, 2 மில்லி பெட்டியில் வேறு ஆம்பியூல் கலந்திருக்கிறதா, நள்ளிரவு அவசரத்தில் போட்டுவிட்டு எழுத மறந்த ஊசி கேஸ் ஷீட்டில் இருக்கிறதா என்று தேடலாம். அநேகக் குறைகள் இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் நர்சிங் கண்காணிப்பாளர், மருந்தாளுநர், மருத்துவக் கண்காணிப்பாளர் என்று மேலே போக வேண்டும். கை தவறி உடைந்த ஆம்பியூலுக்கும் கண்ணாடித் துண்டோடு சாட்சி வேண்டும். இருப்பு கூடுதலாக வந்தாலும் சும்மா விடக் கூடாது. யாரோ ஒரு நோயாளிக்குப் போட்டதாக எழுதிய மருந்து போடப்படாமல் இருந்திருக்கலாம்.

எண்ணிக்கைக்கு எட்டாத திருட்டும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், எக்ஸெட்டர் நகர மருத்துவமனையின் இதய சிகிச்சைப் பிரிவில் வேலைபார்த்த ஒரு தொழில்நுட்பர், நோயாளிக்காக எடுத்து வைத்த ஃபென்டனில் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு, தான் பயன்படுத்திய சிரிஞ்சில் உப்புநீரை நிரப்பி அங்கே வைத்துவந்தார். சிரிஞ்சு எண்ணிக்கை குறையவில்லை. 2012இல் நோயாளிகளிடம் ஹெபடைடிஸ் சி தொற்று பரவியபோதுதான் விஷயம் வெளிவந்தது. அவருக்கு 39 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பிரிட்டனில் 15 நோயாளிகளைக் கொன்றதாக 2000ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்ட மருத்துவர் ஹரால்டு ஷிப்மன், நோயாளிகள் பெயரில் மருந்துச் சீட்டு எழுதியும் இறந்தவர் வீட்டில் மிஞ்சியதை எடுத்தும் டயமார்ஃபின் என்ற வலிநிவாரணியைச் சேர்த்தவர். எந்த வார்டின் பீரோவிலும் அந்தக் குறை தெரிந்திருக்காது. அந்த வழக்குக்குப் பிறகு, பீரோவைத் தாண்டி, மருந்துச் சீட்டு முதல் அழிப்பு வரை கண்காணிக்கப் பொறுப்பு அதிகாரிகளை நியமிக்கும் ஏற்பாடு பிரிட்டனில் வந்தது.

கெடுபிடி மிகுந்தாலும் கேடு உண்டு. 1985 சட்டத்தின் கடும் தண்டனைக்கும் அடுக்கடுக்கான உரிமங்களுக்கும் பயந்து பல இந்திய மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்குவதையே விட்டன. மருந்துக்காக அபினி பயிரிடும் நாட்டில், புற்றுநோய் வலியில் தவித்த பலருக்கு மார்ஃபின் கிடைக்கவில்லை. 2014 திருத்தம் அனுமதியை மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி என்ற ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது இதனால்தான். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தன் ஆண்டுத் தேவையை மதிப்பிட்டு அவருக்கு அனுப்ப வேண்டும். மாநிலங்களின் தேவைகள் நாட்டின் தேவையாகத் திரண்டு, 1961ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்பந்தப்படி வியன்னாவில் உள்ள சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும். நிறுவனம் தன் மதிப்பீட்டை எழுத உட்காரும்போது கையில் எடுப்பது வார்டுப் பதிவேட்டின் செலவுக் கலத்தைத்தான். போட்ட ஊசியை எழுத மறந்தால் அந்தக் கூட்டுத்தொகை குறையும், அடுத்த ஆண்டு வரவும் குறையும்.