படிக்கும் பிள்ளையை நம்பி ஒரு குடும்பம்

மாணவர் என்றால் பெற்றோர் செலவில் படிப்பவர் என்றே நாம் நினைக்கிறோம். சில வீடுகளில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. தந்தை நோயில் படுத்திருப்பார். தாயாருக்கு நிலையான வேலை இராது. பாட்டிக்கு மருந்து வாங்க வேண்டும். பகலில் பலதுறைத் தொழிற்கல்லூரி, இரவில் பகுதிநேர வேலை என்று பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில், "படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நிறுத்திவிடும். அந்த முடிவுக்கு முன் எங்கெங்கே உதவி கேட்கலாம்? இந்த வாரக் கருத்தரங்கின் பொருள் இதுதான்.

இங்கிலாந்தில் இத்தகைய மாணவர்களுக்கென்றே ஒரு மானியம் உண்டு. தம்மைச் சார்ந்திருக்கும் கணவன், மனைவி, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டியை ஆதரிக்கும் முழுநேர மாணவர்களுக்கு அது வழங்கப்படுகிறது. 2025-26 கல்வியாண்டில் அதன் உச்ச அளவு 3,545 பவுண்டு. திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் அது அந்நாட்டு மாணவர்களுக்கானது. இங்கிருந்து படிக்கப் போகும் வெளிநாட்டு மாணவர்கள் அதை நம்பிப் போக முடியாது.

சிங்கப்பூரில் கணக்கு வேறு விதம். கல்வி அமைச்சின் உதவி நிதிகள் பெரும்பாலும் குடும்பத்தின் தனிநபர் வருமானத்தைப் பார்க்கின்றன. மத்திய சேம நிதிக்குப் பிடித்தம் போவதற்கு முந்தைய மாத வருமானங்களைக் கூட்டி, குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நம்மைச் சார்ந்திருப்பவர்கள் கணக்கில் வருவது இங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டு. வீட்டின் ஒரே வருமானம் 3,600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேரை எழுதினால் தனிநபர் வருமானம் 900 வெள்ளி. அதே வீட்டில் வசிக்கும், வருமானம் இல்லாத பாட்டியையும் சேர்த்தால் 720 வெள்ளி. வருமானம் குறையக் குறைய உதவித் தொகை கூடும். "பாட்டிதானே" என்று விட்டுவிட்டால் இழப்பு பிள்ளைக்குத்தான். யார் யாரைச் சேர்க்கலாம் என்பதைப் படிவத்தின் விளக்கத்தில் படித்து, சந்தேகம் இருந்தால் கல்லூரியின் நிதியுதவிப் பிரிவில் கேளுங்கள்.

அடுத்தது, பராமரிப்புச் செலவு. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறைக்குச் செல்வது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றுக்காவது எப்போதும் பிறர் உதவி தேவைப்படுபவர் வீட்டில் இருக்கிறாரா? வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு வீட்டுப் பராமரிப்பு மானியம் உண்டு. 2019இல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கிய அது, 2023இல் 400 வெள்ளி வரை உயர்ந்தது. 2026 ஏப்ரல் முதல் 600 வெள்ளி வரை என்று அறிவிக்கப்பட்டது. இது கல்வி உதவி அல்லதான். ஆனால் அந்தப் பணம் வந்தால் பிள்ளை வாரத்தில் சில இரவுகளாவது வேலையை விட்டுப் புத்தகத்தைத் தொடலாம்.

மாணவர் என்பவர் இருபது வயதுக்காரர் மட்டுமல்லர். நாற்பதைத் தாண்டி, மனைவியையும் முதிய பெற்றோரையும் தாங்கிக்கொண்டு மறுபடி படிக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கட்டணத்தைவிடப் பெரிய கவலை, மாதச் சம்பளம் நின்றுபோவதுதான். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட முழுநேர வகுப்புகளில் சேர்ந்தால் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தின்கீழ் 2025 முதல் மாதாந்தரப் பயிற்சிப் படி கிடைக்கிறது. முந்தைய சராசரி வருமானத்தில் பாதி, குறைந்தது 300 வெள்ளி, அதிகபட்சம் 3,000 வெள்ளி. வாழ்நாளில் மொத்தம் 24 மாதங்களுக்குப் பெறலாம். எல்லா வகுப்புகளுக்கும் பொருந்தாது என்பதால், சேருவதற்கு முன் பட்டியலைப் பாருங்கள்.

அன்றாடச் செலவுக்கே வழியில்லை என்றால், வட்டாரத்தின் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் உதவி கேட்கலாம். 1991இல் தொடங்கப்பட்ட சிண்டாவிலும் ஆலோசனை பெறலாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு தடை உண்டு. வீட்டுக் கஷ்டத்தை வெளியில் சொல்வதா என்ற கூச்சம். சொல்லாத கஷ்டத்தை எந்தக் கல்லூரியாலும் கணக்கில் சேர்க்க முடியாது. பெற்றோர்களே, உங்கள் வருமானச் சான்றுகளையும் மருத்துவக் கடிதங்களையும் பிள்ளை கேட்கும் முன்பே எடுத்துக் கொடுங்கள். மாணவர்களே, படிப்பை நிறுத்தும் முன் நிதியுதவிப் பிரிவுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.