மனைப்பொருளியலில் முதுமாணி: சோறாக்கப் படிக்கிற படிப்பா?

சாதாரண தரத்துக்குப் பாடம் தெரிவு செய்கிற காலம் வந்தால் எங்கட பாடசாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் புள்ளி குறைந்த பெண்பிள்ளைகளை மனைப்பொருளியல் பக்கம் தள்ளிவிடுவதுதான் அது. "லேசான பாடம் புள்ள, எப்படியும் சோறாக்கத்தானே போறாய்" என்று உம்மாமாரும் சொல்வார்கள், சில ஆசிரியர்களும் சொல்வார்கள். உயர்தரக் கலைப்பிரிவிலும் இந்தப் பாடம் இருக்கிறது; அங்கேயும் இதே பேச்சுத்தான். இந்தத் துறையில் முதுமாணி வரை படிக்கலாம், கலாநிதிப் பட்டமும் எடுக்கலாம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பால் நட்டம் எங்களுக்குத்தான். குடும்ப, நுகர்வோர் பொருளியல் என்பது என்ன, அதில் ஏன் எங்கட பிள்ளைகள் மேற்படிப்புப் படிக்க வேண்டும், அதற்கு வழி என்ன என்பதை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

வீட்டில் பிறந்த பொருளியல்

பொருளியலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'எக்கனமிக்ஸ்' என்ற சொல்லே வீட்டிலிருந்து வந்ததுதான். 'ஒய்க்கோஸ்' என்றால் கிரேக்கத்தில் வீடு. வீட்டை ஒழுங்காக நடத்தும் முறைக்கு அவர்கள் வைத்த பெயர்தான் பிறகு நாடு, சந்தை, வங்கி எல்லாவற்றுக்குமான பெரிய துறையின் பெயராயிற்று. வீடு மட்டும் பின்னுக்குப் போய்விட்டது.

அதை மறுபடியும் முன்னுக்குக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அமெரிக்காவில் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்ற இரசாயனவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1899 முதல் 1908 வரை லேக் பிளாசிட் மாநாடுகள் என்ற பெயரில் ஆண்டுதோறும் கூடி மனைப்பொருளியலை ஒரு கல்வித் துறையாக வகுத்தார்கள். 1923இல் ஹேசல் கெர்க் நுகர்வைப் பற்றி ஒரு கோட்பாட்டு நூல் எழுதினார். அவருடைய மாணவி மார்கரெட் ரீட் 1934இல் வீட்டு உற்பத்தியின் பொருளியல் பற்றி எழுதினார். குடும்பம் தன் நேரத்தை எப்படிப் பங்கிடுகிறது என்று கெரி பெக்கர் கட்டுரை எழுதியது 1965இல்தான். அவருக்கு 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. ரீடின் பெயரோ பொருளியல் படித்தவர்களில் பலருக்கே தெரியாது.

ரீட் சொன்ன அளவுகோல் எளிமையானது. வீட்டில் செய்கிற ஒரு வேலையைச் சல்லி கொடுத்து இன்னொருவரைக் கொண்டு செய்விக்க முடியுமா? முடியுமென்றால் அந்த வேலை உற்பத்திதான். இதை எங்கட வீடுகளில் வைத்துப் பாருங்கள். ஒரு தாய் தன் வீட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளை பார்த்தால் கணக்கெடுப்பில் அவர் தொழில் இல்லாதவர். அதே தாய் குவைத்துக்குப் போய் இன்னொருவர் வீட்டில் அதே வேலையைச் செய்தால் அவர் நாட்டுக்கு அந்நியச் செலாவணி உழைத்துத் தருபவர். வேலை ஒன்றுதான், கணக்குத்தான் வேறு. இலங்கையில் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் முதல் தேசிய நேரப் பயன்பாட்டு அளவீட்டை நடத்தியதே 2017இல்தான்.

அமெரிக்காவின் மனைப்பொருளியல் சங்கம் 1994இல் குடும்ப, நுகர்வோர் விஞ்ஞானச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. சமையல், தையல் என்ற வட்டத்துக்குள் துறையை அடைத்து வைத்தது போதும் என்பது அதன் பொருள். இன்று இத்துறையில் முதுமாணி செய்கிறவர் குடும்ப வள முகாமை, நுகர்வோர் நடத்தை, குடும்ப நிதியும் கடனும், நுகர்வோர் சட்டம், புள்ளிவிபரவியல், ஆய்வு முறையியல் போன்றவற்றைப் படிப்பார். முடிவில் ஓர் ஆய்வு எழுதுவார்.

செங்கத்திலிருந்து ஒஹாயோவுக்கு

தமிழ்ப் பெண்கள் இந்தப் பாதையில் போகாமல் இல்லை. தமிழ்நாட்டில் செங்கம் என்ற சிற்றூரில் 1919இல் பிறந்த இராஜம்மாள் தேவதாஸ் சென்னை இராணி மேரிக் கல்லூரியில் மனையியல் படித்தார். பிறகு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுமாணியும் கலாநிதிப் பட்டமும் பெற்றார். திரும்பி வந்து, கோயம்புத்தூரில் 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியற் கல்லூரியைக் கட்டி எழுப்பினார். அக்கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் போசணை பற்றிய அவருடைய பணி அடுப்படியைத் தாண்டி அரசாங்கத்தின் திட்டங்கள் வரை போனது. 1992இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. "எப்படியும் சோறாக்கத்தானே" என்று சொல்லி அவரை நிறுத்தியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

மாங்கேணியிலிருந்து பார்த்தால்

இனி எங்கட கரைக்கு வருவோம். மட்டக்களப்பு – திருகோணமலை வீதியில் வாழைச்சேனை தாண்டி மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை என்று போகிற இந்தப் பக்கம் 2004இல் சுனாமியைக் கண்டது. 2006, 2007இல் யுத்தத்தால் வாகரைப் பிரதேசமே இடம்பெயர்ந்தது. ஒரு குடும்பம் தோணி, வலை, வீடு, நகை என்று சேர்த்ததை மூன்றே வருடத்துக்குள் இரண்டு முறை இழந்த கதை இங்கே புதினமில்லை.

மாத வருமானத்தை வைத்து வரவு செலவுத் திட்டம் போடு என்று பாடநூல் சொல்கிறது. கடலுக்குப் போகிறவனுக்கு மாத வருமானம் என்று ஒன்று கிடையாது. ஒரு நாள் பத்தாயிரம், பிறகு நாலு நாள் ஒன்றுமில்லை. வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் கிழமைக் கணக்கில் தொழிலில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது கடைக்காரரின் கடன் கொப்பி, நகை அடகு, சீட்டு, கடைசியில் வாசலுக்கே வருகிற நுண்கடன். ஒழுங்கில்லாத வருமானத்தை ஒரு குடும்பம் எப்படி ஒழுங்காகச் செலவழிப்பது? இது முதுமாணி ஆய்வுக்குரிய கேள்வி.

நுண்கடனையே எடுத்துக்கொள்வோம். 50,000 ரூபா கடன், வருடத்துக்கு 20 வீதம் வட்டி, 52 கிழமையில் கட்டி முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 60,000, கிழமைக்கு ஏறக்குறைய 1,154 ரூபா. கேட்கிறவருக்கு 20 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதலில் ஒவ்வொரு கிழமையும் ஒரு பங்கு திரும்பிப் போகிறது. வருட நடுவில் கையில் மிச்சமிருப்பது ஏறக்குறையப் பாதிக் கடன்தான், வட்டியோ முழு 50,000 ரூபாவுக்கும் போடப்பட்டிருக்கிறது. குறைந்து போகும் நிலுவையை வைத்துக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 37 வீதம். 2018இல் நுண்கடன் வட்டிக்கு இலங்கையில் கொண்டுவரப்பட்ட 35 வீத உச்ச எல்லையையே அது தாண்டுகிறது.

வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்வது சரி, சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கை எங்கட உம்மாமாருக்கு யார் போட்டுக் காட்டுவது? வட்டியில்லாத சீட்டும் கைமாற்றுக் கடனும் எந்த நிலைமையில் தாங்கும், எப்போது உடையும் என்று யார் ஆராய்வது?

அடுத்தது சீதன வீடு. கிழக்கில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுப்பது எங்கட வழக்கம். பெண்ணுக்குப் பாதுகாப்பு என்பார்கள், அதிலே உண்மையும் உண்டு. ஆனால் மூன்று பெண்பிள்ளைகள் உள்ள வாப்பா மூன்று வீடு கட்ட வேண்டும். அதற்காக அவர் கட்டாருக்குப் போவார், இல்லாவிட்டால் உம்மா சவூதிக்குப் போவார். மூத்தவளின் வீட்டுக்காக இளையவளின் படிப்பு நிற்கும். சாப்பாடு, மருந்து, படிப்பு ஆகியவற்றிலிருந்து எவ்வளவு எடுத்துச் சுவருக்குள் வைக்கிறோம் என்று இதுவரை எத்தனை பேர் எழுதிப் பார்த்திருக்கிறோம்? மார்க்க அறிஞர்கள் தேவைகளை ழரூரிய்யாத், ஹாஜிய்யாத், தஹ்ஸீனிய்யாத் என்று மூன்று படியாக வகுத்தார்கள்: இல்லாமல் முடியாதவை, இல்லாவிட்டால் சிரமமானவை, அழகுக்கானவை. நாலாவது அறைக்கு டைல்ஸ் பதிப்பது எந்தப் படி என்ற கேள்வியைக் குடும்பப் பொருளியல் இலக்கத்தோடு கேட்கும்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். வருமானம் குறைந்த குடும்பத்தில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று ஜேர்மனியப் புள்ளிவிபரவியலாளர் ஏர்ன்ஸ்ட் எங்கெல் 1857இலேயே காட்டிவிட்டார். அப்படியென்றால் அந்த 94.9 வீதம் கொழும்பின் வசதியான வீட்டையும் மாங்கேணியின் கூலி வீட்டையும் ஒரே மாதிரித் தாக்கியிருக்காது. எந்தச் சாப்பாட்டை எங்கட வீடுகள் முதலில் குறைத்தன, யார் தட்டில் குறைத்தன என்பதை இந்த மண்ணை அறிந்த ஒருவர்தான் நுணுக்கமாகக் கேட்டு எழுத முடியும்.

வழி என்ன?

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பாடநெறி மட்டுமான முதுமாணி 9ஆம் மட்டம், 30 திறமைப் புள்ளிகள். பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 திறமைப் புள்ளிகள். ஆய்வாளராக விரும்புகிறவர் இரண்டாவதையே நாட வேண்டும்.

உயர்தரத்தில் மனைப்பொருளியலோடு பொருளியலையும் எடுப்பது நல்லது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பொருளியலில் பட்டம் படிக்கலாம். பிறகு கொழும்பில் பொருளியல் முதுமாணியோ, பேராதனை விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தில் விவசாயப் பொருளியல் முதுமாணியோ செய்யும்போது, குடும்பத்தையும் நுகர்வையும் ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம். மனையியலிலேயே முதுமாணி வேண்டுமென்றால் தமிழ்நாடு பக்கத்தில்தான் இருக்கிறது. இந்திய அரசு இலங்கை மாணவர்களின் முதுமாணிப் படிப்புக்கு மௌலானா ஆஸாத் பெயரிலேயே ஒரு புலமைப்பரிசில் வைத்திருக்கிறது. விண்ணப்பிக்குமுன் அந்தந்த வருட அறிவித்தலைப் பார்க்க வேண்டும்.

இரண்டு விஷயத்தை இப்போதே தொடங்க வேண்டும்: ஆங்கிலம், புள்ளிவிபரவியல். இவை இரண்டுமில்லாமல் இந்தக் கதவு திறக்காது. ஆகவே கணிதம் ஓடாத பிள்ளைக்கு இது ஒதுங்குமிடம் என்ற நினைப்பை ஆசிரியர்களாகிய நாங்கள்தான் முதலில் கைவிட வேண்டும். கணிதத்தில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளை மனைப்பொருளியல் கேட்டால் அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது.

பள்ளிவாசல் நிருவாகங்களும் ஸகாத் குழுக்களும் எங்கட ஊர்களில் வருடா வருடம் குடும்பங்களுக்கு உதவி பங்கிடுகின்றன. எந்தக் குடும்பத்துக்குத் தையல் மெஷின் வேண்டும், எதற்குக் கடனடைப்பு வேண்டும், எதற்கு வெறும் அரிசி போதும் என்பதைப் பெரும்பாலும் கண்மதிப்பில்தான் தீர்மானிக்கிறோம். இந்தத் துறையில் முதுமாணி படித்த ஒரு பெண், அந்த வீடுகளுக்குள் உம்மாமாரோடு பாயில் இருந்து பேசக்கூடிய ஒரு பெண், அக்குழுவில் இருந்தால் அந்தச் சல்லி போகிற இடம் மாறும். அப்படி ஒருத்தியைப் படிக்க அனுப்புகிற செலவை எங்கட ஊர்கள் சேர்ந்து ஏற்றால் அது வீண் செலவாகாது.