இழுவண்டியின் இருசு எங்கே அமைய வேண்டும்?

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுவோர் முன்பாரத்தையும் பின்பாரத்தையும் சரிபார்த்தே அடுக்குவர். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு மாடுகளின் கழுத்தை இறுக்கும்; முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். ஆகவே, நுகத்தின் மீது சிறிதளவு பாரம் மட்டும் நிற்குமாறு அடுக்குவதே வழக்கம். ஜீப்பின் பின்னால் பூட்டப்படும் இரு சக்கர டிரெய்லருக்கும் இந்நியதியே பொருந்தும்.

பழைய டிரெய்லரைப் புதுப்பிக்கும்போது தட்டைப் பின்புறமாக நீட்டுவதுண்டு. அப்போது கனமையமும் பின்னோக்கி நகர்கிறது. இருசையோ பழைய இடத்திலேயே விட்டுவிடுகின்றனர். அல்லது பார்வைக்கு ஒழுங்காக இருக்கும் பொருட்டுத் தட்டின் நடுவே பொருத்துகின்றனர். இரண்டும் தவறாக முடியலாம்.

கனமையம் இருசுக்குப் பின்னால் அமைந்தால், இணைப்புக் கொக்கி ஜீப்பின் பின்பகுதியை மேல்நோக்கித் தூக்கும். பின்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். குறைந்த வேகத்தில் அவ்வாட்டம் தானே அடங்கிவிடும். வேகம் ஓர் எல்லையைக் கடந்தால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, வண்டி கவிழவும் கூடும்.

இத்தகைய சிறு டிரெய்லர்களில், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மீது நிற்பது நலம். இழுக்கும் வாகனத்தின் கொக்கிக்குத் தயாரிப்பாளர் விதித்த எடை வரம்பை அது மீறலாகாது.

இதனை நெம்புகோல் விதியால் கணக்கிடலாம். தட்டின் நீளம் 240 செ.மீ.; கொக்கியிலிருந்து தட்டின் முன்விளிம்பு வரை 120 செ.மீ.; சுமையுடன் மொத்த எடை 500 கிலோகிராம் என்று கொள்வோம். கனமையம் தட்டின் நடுவில் இருப்பின், அது கொக்கியிலிருந்து 240 செ.மீ. தொலைவில் அமையும். இருசை அதற்கு 30 செ.மீ. பின்னால், அதாவது கொக்கியிலிருந்து 270 செ.மீ. தொலைவில் வைத்தால், கொக்கியின் பாரம் 500 × 30 ÷ 270, ஏறத்தாழ 56 கிலோகிராம். இது மொத்த எடையில் 11 சதவீதம். இருசைக் கனமையத்திற்கு நேர் கீழே வைத்தால் கொக்கியில் பாரமே இராது. 80 செ.மீ. பின்னால் வைத்தாலோ, 125 கிலோகிராம் ஆகிவிடும்.

கணக்கு வழிகாட்டி மட்டுமே. தராசே முடிவு கூறும். பலகைகள், மாற்றுச் சக்கரம், கருவிப்பெட்டி அனைத்தையும் பொருத்திய பின்னரே இருசின் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் அதைப் போல்டுகளால் தற்காலிகமாக இறுக்குக. வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்துச் சுமையைச் சமமாகப் பரப்புக. கொக்கியை, இழுக்கப்படும் அதே உயரத்தில் தராசின் மேல் தாங்கச் செய்து எடையைக் குறித்துக்கொள்க. இருசை நகர்த்த நேர்ந்தால் சுமையை முழுவதும் இறக்கிய பின்னரே நகர்த்துக. கொக்கியின் மையத்திலிருந்து இருசின் இரு முனைகளுக்கும் உள்ள தொலைவு சமமாக இருத்தல் அவசியம். இல்லையேல் வண்டி கோணி ஓடும், டயர்களும் தேயும். இவையனைத்தும் சரியான பின்னரே இருசை நிலையாகப் பொருத்துக.

ஆசிரியர்கள் இதே விதியை ஓர் அளவுகோல், ஒரு பென்சில், சில நாணயங்கள் ஆகியவற்றைக் கொண்டு வகுப்பில் விளக்கலாம். பென்சிலின் மீது அளவுகோலை நிறுத்தி, நாணயங்களை முன்னும் பின்னும் நகர்த்தினால் எம்முனை தாழ்கிறது, எம்முனை எழுகிறது என்பதை மாணவர் கண்ணால் காண்பர்.

இருசு சரியாக அமைந்த வண்டியிலும், கனமான பொருள்களைப் பின்கோடியில் ஏற்றினால் பழைய ஆபத்தே திரும்பி வரும். ஆதலால் பட்டறையில் கொண்ட கவனம், ஒவ்வொரு முறை சுமையேற்றும்போதும் தொடர வேண்டும்.