உங்களுக்குத் தெரியுமா? எம்டனுக்கு அச்சு உண்டு, ஊர்காவற்றுறைப் பாய்க்கப்பலுக்கு?
1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைப் பீரங்கியால் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் நீளம் ஏறக்குறைய 118 மீற்றர். ரெவெல் நிறுவனத்தின் 1:350 பிளாஸ்ரிக் மாதிரியில் அது 34 சென்ரிமீற்றராகச் சுருங்கி, மூன்று புகைபோக்கிகளோடு மேசையில் நிற்கிறது. விளையாட்டுச் சாமான்தானே என்பார்கள் சிலர். வரைபடமும் நிழற்படமும் சான்று சொல்லாமல் அதில் ஒரு பீரங்கியைக்கூட ஒட்ட முடியாது. அதனால் அது ஓர் ஆவணம். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் பாய் விரித்த கப்பல்களையோ ஓடாவிமார் பெரும்பாலும் கண்ணளவாலும் கைப்பழக்கத்தாலும் கட்டினார்கள்; அதனால் மாதிரி செய்ய வரைபடம் கிடைப்பது அரிது. சரக்குக் கப்பலுக்கு மாதிரி எதற்கு என்று கேட்கலாம். வல்வெட்டித்துறையில் கட்டிய 89 அடி அன்னபூரணி, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓடிய கப்பல்; எந்தப் போர்க்கப்பலுக்கும் குறைந்ததல்ல. 1:72 அளவில் அது 38 சென்ரிமீற்றர்தான். அப்படி மாதிரி செய்ய, நெடுந்தீவிலும் நயினாதீவிலும் எஞ்சியிருக்கக்கூடிய பழைய மரவள்ளங்களின் ஏராவையும் (அடிமரம்) வங்குகளையும் (விலாச்சட்டங்கள்), அவை உக்கிப்போகுமுன், நாடா பிடித்து அளந்து வரைந்துவைக்க வேண்டும்.