சோதித்துப் பார்க்கச் சொன்னவர்

2025 மே மாதம் 93 வயதில் மறைந்த யான் டெர்லாவைப் பற்றி எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் செல்கின்றன: முதலில் இயற்பியலாளர், பிறகு நெதர்லாந்தின் துணைப் பிரதமர், இடையிடையே குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். மூன்று தனித்தனி வாழ்க்கைகளை ஒரே மனிதர் வாழ்ந்ததுபோல் இதில் ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் எங்கே இருந்தாலும் செய்தது ஒரே வேலைதான்: பெரியவர்கள் 'முடியாது', 'இப்படித்தான்' என்று சொல்லும் ஒன்றை, அப்படியா என்று சோதித்துப் பார்ப்பது. அந்த வேலையை அவர் மிக நேர்மையாகச் செய்த இடம் நாடாளுமன்றமல்ல, சிறுவர் நாவல்.

டெர்லாவ் 1931இல் பிறந்தவர். தந்தை கிராமத்துத் தேவாலயப் போதகர். 1940 மே மாதம் ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்தபோது சிறுவனுக்கு வயது எட்டு. விடுதலை வந்தபோது பதின்மூன்று. உத்ரெக்ட்டில் கணிதமும் இயற்பியலும் படித்து, 1964இல் முனைவர் பட்டம் பெற்றார். பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் ஆராய்ந்தது அணுக்கரு இணைவு. அதற்காக அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் சில காலம் வேலை பார்த்தார். சூரியனுக்குள் நடப்பதை ஆய்வுக்கூடத்தில் நடத்திக்காட்டும் முயற்சி அது. பல கோடி டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மாவைக் காந்தப் புலத்துக்குள் அடைத்து வைக்க வேண்டும். அதுவோ நழுவிக்கொண்டே இருக்கும். இன்றுவரை யாரும் அதிலிருந்து வணிக மின்சாரம் எடுத்ததில்லை. கணக்கு சரியாக இருந்தாலும் பொருள் ஒத்துழைக்காது என்பதை நாள்தோறும் காட்டும் துறையிலிருந்துதான் அவர் அரசியலுக்கு வந்தார்.

1971இல் நாடாளுமன்ற உறுப்பினரான அதே ஆண்டில் 'கட்டோரன் அரசன்' நாவலும் வெளிவந்தது. பழைய அரசர் இறந்த இரவில் பிறந்த ஸ்டாக் என்ற பையன், பதினேழு வயதில் அரண்மனைக்குப் போய், நான் அரசனாக என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். அதுவரை நாட்டைத் தங்கள் கையில் வைத்திருந்த அமைச்சர்கள், யாராலும் முடியாத ஏழு வேலைகளை அவனுக்குக் கொடுக்கிறார்கள். குண்டுகளாக வெடிக்கும் காய்களைக் காய்க்கும் ஒரு மரம், ஊருக்குள் நகர்ந்து வீடுகளை நசுக்கும் தேவாலயங்கள், புகை கக்கும் ஏழு தலை டிராகன். ஆயுதப் போட்டியையும் மதப் பிரிவுகளின் சண்டையையும் காற்று மாசையும் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளப் பெரியவர்களுக்கு அரை நிமிடம் போதும். அடுத்த ஆண்டு இந்த நாவலுக்கு நெதர்லாந்தின் முக்கியமான சிறுவர் இலக்கிய விருதான தங்க எழுதுகோல் கிடைத்தது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கட்சிக்காரர் ஒருவர் தன் கட்சியின் கொள்கைகளை டிராகன் வேடம் போட்டுக் குழந்தைகளிடம் விற்கிறார் அல்லவா? கட்டோரனைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டில் பாதி உண்மை. அதன் கிண்டல் சில இடங்களில் உறைக்கவே செய்யும். உருவகம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஆனால், அடுத்த ஆண்டே வெளிவந்து அதே விருதை மறுபடியும் வாங்கிய 'போர்க்காலக் குளிர்' நாவலைப் பிரச்சாரம் என்று சொல்ல வழியே இல்லை.

1944-45 குளிர்காலம். மேற்கு நெதர்லாந்தின் நகரங்களில் பஞ்சம். மக்கள் உணவு தேடிக் கிழக்கே கிராமங்களை நோக்கி நடக்கிறார்கள். அப்படியொரு கிராமத்து மேயரின் பதினைந்து வயது மகன் மிகீல். தலைமறைவு இயக்கத்தில் இருக்கும் பக்கத்து வீட்டு இளைஞன் ஒரு கடிதத்தை அவனிடம் ஒப்படைக்கிறான். அது போய்ச் சேருவதற்குள் ஆட்கள் பிடிபடுகிறார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் பிரிட்டிஷ் விமானியின் உயிர் மிகீலின் பொறுப்பாகிறது. பிறகு ஒரு ஜெர்மானியச் சிப்பாயின் பிணம் காட்டில் கிடைக்க, பழிக்குப் பழியாக மிகீலின் தந்தை சுடப்படுகிறார். காட்டிக்கொடுத்தது யார்? ஊருக்கே சந்தேகம் ஸ்காஃப்டர் என்பவர்மேல். ஜெர்மானியர்களோடு பழகுகிறவர், எதையாவது துருவிக்கொண்டே இருப்பவர். மிகீலும் தன் கண்ணால் கண்டதையெல்லாம் அவருக்கு எதிராகவே கூட்டிக் கணக்குப் போடுகிறான். கதையின் முடிவைச் சொல்வது முறையல்லதான். ஆனால் என் வாதமே அதில் இருப்பதால் சொல்கிறேன். ஸ்காஃப்டர் தன் வீட்டில் யூதர்களை ஒளித்து வைத்திருந்தவர். துரோகியோ, வீட்டில் எல்லோரும் விரும்பிய பென் மாமா.

பிரச்சாரம் செய்ய விரும்புகிறவர் இப்படிக் கதை அமைக்க மாட்டார். நல்லவரைச் சட்டென்று அடையாளம் தெரியும்படி நிறுத்தியிருப்பார். டெர்லாவோ வாசிக்கும் பிள்ளையை மிகீலோடு சேர்த்தே தப்பாக முடிவெடுக்க விடுகிறார்; சான்றுகள் எல்லாம் உண்மை, அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் பொய். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவருக்கு இந்தத் தோல்வி அந்நியமானதல்ல.

1976இல் வெளிவந்த ஓஸ்டர்ஸ்கெல்ட நாவலும் இதே தடத்தில் போகிறது. 1953 பிப்ரவரி வெள்ளத்தில் நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, கடல் புகும் வழிகளில் பெரும்பாலானவற்றை அணை கட்டி அடைப்பதென்று அரசு முடிவெடுத்தது. ஓஸ்டர்ஸ்கெல்ட கழிமுகத்தை முழுக்க அடைத்தால் அலையேற்றம் நின்று, சிப்பியும் மீனும் உப்புநீர் உயிர்களும் அழியும் என்று எழுபதுகளில் எதிர்ப்பு கிளம்பியது. நாவலின் முதல் பாதி வெள்ளம். இரண்டாம் பாதி இந்தச் சண்டை. வெள்ளத்தைக் கண்டவர்களின் பயமும் நியாயம், கழிமுகத்தைக் காக்கத் துடிக்கும் இளையவர்களின் கோபமும் நியாயம். 1986இல் திறக்கப்பட்டது மூன்றாவது வழி: வழக்கமாகத் திறந்திருந்து, புயல் வரும்போது மட்டும் இறங்கும் 62 எஃகுக் கதவுகள் கொண்ட தடுப்பு.

சரி, கதையில் இவ்வளவு நிதானம் காட்டியவர் அரசியலில் என்ன சாதித்தார்? அவருடைய ஜனநாயகர்கள் 66 கட்சி 1974இல் கலைப்பின் விளிம்பில் நின்றது. கலைத்துவிடலாம் என்று மாநாட்டில் பெரும்பான்மையே வாக்களித்தது. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் மட்டுமே கட்சி தப்பியது. டெர்லாவ் வீரவசனம் பேசவில்லை, எண் வைத்தார்: 66,666 பேர் ஆதரவுக் கையெழுத்துப் போட வேண்டும், 1,666 புதிய உறுப்பினர்கள் சேர வேண்டும், அப்போதுதான் தொடர்ந்து தலைமை ஏற்பேன் என்றார். இரண்டும் கிடைத்தன. எந்த விளைவு வந்தால் என் கருத்து தவறு என்று முன்கூட்டியே சொல்வது விஞ்ஞானிகளின் பழக்கம். கட்சித் தலைவர்களிடம் அதைப் பார்ப்பது அபூர்வம். 1981 தேர்தலில் கட்சிக்கு 17 இடங்கள். அவர் பொருளாதார அமைச்சரும் துணைப் பிரதமரும் ஆனார்.

வீழ்ச்சியும் அதே வேகத்தில் வந்தது. 1982 மே மாதம் தொழிற்கட்சி கூட்டணி அமைச்சரவையிலிருந்து வெளியேறியபோது, டெர்லாவ் கிறிஸ்தவ ஜனநாயகர்களோடு சிறுபான்மை அரசில் தங்கினார். செப்டம்பரில் வாக்காளர்கள் அவர் கட்சிக்குக் கொடுத்தது ஆறு இடங்கள். அவர் தலைமையிலிருந்து விலகினார். தங்கியது தவறான கணக்கு என்பதே என் கருத்து. அவர் நூல்களின் மேலுள்ள மதிப்பால் இதை மெழுகத் தேவையில்லை. விளைவு வந்ததும் சாக்குச் சொல்லாமல் ஒதுங்கினார் என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

2016 நவம்பரில், 85 வயதில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் பேசிய சில நிமிடங்கள் நாடெங்கும் பேச்சானது. முன்பெல்லாம் வீட்டுக் கதவின் கடிதத் துளையில் ஒரு கயிறு தொங்கும், பிள்ளைகள் இழுத்தால் கதவு திறக்கும், அவ்வளவு நம்பிக்கை இருந்தது என்றார். அந்த நம்பிக்கையை மீட்டுப் பருவநிலையைக் காக்கும்படி அரசியல்வாதிகளைக் கேட்டுக்கொண்டார். வெறும் பழங்கால ஏக்கம் என்று சிலர் விமர்சித்தார்கள். அந்தக் காலத்தில் எல்லாக் கதவும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் காட்டிக்கொடுக்கும் மாமாவைப் படைத்தவருக்கு, நம்பிக்கை சும்மா கிடைப்பது என்ற மயக்கம் இருந்திருக்க முடியாது. அவர் கேட்டது கண்ணை மூடிய நம்பிக்கையை அல்ல, நம்பத் தகுந்தபடி நடந்துகொள்ளும் அரசை. புவி வெப்பமாவதற்கான அளவீடுகள் மேசைமேல் இருக்கும்போது, அடுத்த தேர்தல்வரை மட்டும் கணக்குப் பார்க்கும் அமைச்சர்களை ஒரு இயற்பியலாளர் வேறு எப்படிக் கேட்பார்? 1971இலேயே அதே கேள்வியை அவர் ஸ்டாக்கின் வாயில் வைத்திருந்தார். அன்று அதைப் படித்த பிள்ளைகளில் பலர் 2016இல் வாக்காளர்களாகவும் சிலர் அமைச்சர்களாகவும் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்திருக்கக்கூடும்.