உதவி கொடுத்தால் ஆர்டர் கிடைக்குமா? பிரிட்டனை கோர்ட்டுக்கு இழுத்த மலேசிய அணை

ஒரு பணக்கார நாடு வளரும் நாட்டுக்கு நிதி உதவி அறிவிக்கிறது. அந்தப் பணம் கடைசியில் எங்கே போகும்? பல நேரங்களில், கொடுத்த நாட்டுக்கே திரும்பிப் போய்விடும்.

'எங்க நாட்டு கம்பெனிகிட்டதான் வாங்கணும்' என்ற நிபந்தனையோடு வரும் உதவிக்கு 'டைடு எய்ட்' என்று பெயர். கையில் காசு தராமல், சொந்தக் கடைக்கு கூப்பன் கொடுப்பது மாதிரி. வேறு கடையில் விலை குறைவு என்றாலும் போக முடியாது. இதனால் செலவு 15 முதல் 30 சதவீதம் வரை கூடுவதாக ஓஇசிடி அமைப்பு கணக்கிட்டுள்ளது.

பெர்காவ் அணையில் நடந்தது என்ன?

மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் நீர்மின் நிலையம் கட்ட பிரிட்டன் 23.4 கோடி பவுண்ட் உதவி தந்தது. கட்டுமானப் பணி பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு. இதுவரை வழக்கமான கதைதான்.

ஆனால் 1988-ல் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் மலேசியாவுடன் போட்ட ஆவணம், உதவியையும் ஆயுத விற்பனையையும் முடிச்சுப் போட்டிருந்தது. அதே ஆண்டு மார்கரெட் தாட்சரும் மகாதீரும் பெரிய ஆயுத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அணை தேவைதானா? எரிவாயு மூலம் மின்சாரம் தயாரித்தால் செலவு குறையும் என்று உதவித் துறை அதிகாரிகளே சொன்னார்கள். துறைச் செயலாளர் டிம் லான்கெஸ்டர் எழுத்துபூர்வமாக எதிர்ப்பு தெரிவித்தார். அதையும் மீறி 1991-ல் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் ஓகே சொல்லிவிட்டார்.

கோர்ட் என்ன சொன்னது?

'வேர்ல்ட் டெவலப்மென்ட் மூவ்மென்ட்' என்ற தன்னார்வ அமைப்பு வழக்குப் போட்டது. 1994 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம், இந்த உதவி சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், தீர்ப்புக்கு அடிப்படை ஆயுத பேரம் இல்லை. பொருளாதார ரீதியாக உருப்படாத திட்டத்தை 'வளர்ச்சி' என்று சொல்லி பணம் தர சட்டத்தில் இடமில்லை என்பதுதான்.

இதற்குள் ஏற்றுமதியிலும் அடி விழுந்தது. பிரிட்டிஷ் பத்திரிகைச் செய்திகளால் கோபமான மகாதீர் அரசு, 1994-ல் சில மாதங்கள் பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு அரசு ஒப்பந்தம் தருவதையே நிறுத்தி வைத்தது. எந்த ஆர்டருக்காக உதவி போனதோ, அதுவே நின்றுபோனது.

2001-ல் பிரிட்டன் இந்த நிபந்தனை முறையையே கைவிட்டது. ஆனாலும் நிபந்தனை இல்லாத உதவியிலும் கணிசமான ஒப்பந்தங்கள் உதவி தரும் நாட்டு நிறுவனங்களுக்கே போகின்றன.