வீட்டை விட்டு வெளியே போகாத சாவி!

தேனி மாவட்டம் கெங்குவார்பட்டிக்குப் பக்கத்தில் தேவதானப்பட்டி. அங்கே மூங்கிலணை காமாட்சி அம்மன் கோவில் இருக்கிறது. கருவறைக் கதவு எப்போதும் மூடியே இருக்கும். பூசை எல்லாம் கதவுக்குத்தான்!

அந்தப் பக்கத்து மக்கள் இன்று இன்னொரு கதவையும் பத்திரமாகப் பூட்டியாக வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாத கதவு.

கெங்குவார்பட்டியில் ஒருவர் மாம்பழ வியாபாரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரவு-செலவு, பாக்கி, வாடிக்கைக்காரர் விலாசம் எல்லாம் மும்பையில் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கின்றன. இப்படித் தூரத்தில் இருந்து வேலை செய்யும் கம்ப்யூட்டருக்கு "சர்வர்" என்று பெயர். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே அவருடைய மகள் அதை இயக்குகிறாள். உள்ளே போக ஒரு ரகசியச் சொல் வேண்டும். அதுதான் "பாஸ்வேர்டு".

அந்தச் சொல் திருட்டுப் போனால்? பாக்கிக் கணக்கு அத்தனையும் அந்நியன் கையில்!

பின்லாந்தில் திருட்டு

1995-ம் ஆண்டு பின்லாந்து நாட்டில் இப்படித்தான் நடந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் இணைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டு, பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அக்காலத்தில் பாஸ்வேர்டு, தபால் அட்டை போலத் திறந்தபடியே போகும். வழியில் இருப்பவன் படித்துக்கொள்ளலாம்.

அங்கே ஆராய்ச்சி செய்துவந்த டாட்டு இலோனன் சும்மா இருக்கவில்லை. பேச்சு முழுவதையும் மறைமொழியாக மாற்றி அனுப்பும் முறையை உருவாக்கினார். அதன் பெயர் "எஸ்.எஸ்.எச்." அதே ஆண்டு ஜூலையில் அதை இலவசமாகவே கொடுத்துவிட்டார்.

இரட்டைச் சாவி

பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போகவும் அதில் வழி உண்டு. "எஸ்.எஸ்.எச். கீஜென்" என்ற கட்டளையைக் கொடுத்தால், கம்ப்யூட்டர் இரண்டு சாவிகளை உண்டாக்கும். ஒன்று பொதுச்சாவி. மற்றது தனிச்சாவி. பொதுச்சாவி மும்பைக்குப் போகும். அதை ஊரே பார்த்தாலும் கவலை இல்லை. தனிச்சாவி வீட்டை விட்டு நகராது.

அப்படியானால் மும்பை எப்படி நம்புகிறது?

ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு செய்திக்குத் தனிச்சாவி முத்திரை போடும். முத்திரை மட்டும் மும்பைக்குப் போகும். அது சரியானதா என்று பொதுச்சாவியை வைத்து சர்வர் பார்க்கும். நேற்றைய முத்திரை இன்று செல்லாது. ஒட்டுக்கேட்டவன் ஏமாந்து போவான்!

அவசரம் ஆபத்து

பொதுச்சாவி உள்ள கோப்பின் பெயர் "பப்" என்று முடியும். அதை மட்டுமே அனுப்ப வேண்டும். தவறிப்போய்த் தனிச்சாவியை அனுப்பினால், அந்த ஜோடியையே ஒழித்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதுதான்.

சாவி வேலை செய்தபின் பாஸ்வேர்டு வழியை மூடிவிடலாம். ஆனால் பலர் இங்கேதான் அவசரப்பட்டு, தங்கள் வீட்டுக்கு வெளியே தாங்களே நிற்கிறார்கள்! முதல் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு ஜன்னலில் சாவியால் நுழைந்து பார்க்க வேண்டும். நுழைய முடிந்தால் சரி. முடியாவிட்டால், திறந்திருக்கும் முதல் இணைப்பு வழியாகத் தவறைத் திருத்திக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரையே திருடன் தூக்கிப்போனால்? அதற்காகத்தான் தனிச்சாவிக்கும் ஒரு ரகசிய வாக்கியம் வைக்கச் சொல்கிறார்கள். அது தெரியாமல் சாவி வேலை செய்யாது. திருட்டு தெரிந்ததும், வேறொரு கம்ப்யூட்டரில் முன்பே செய்துவைத்த மாற்றுச்சாவியால் நுழைந்து, சர்வரில் பழைய பொதுச்சாவி உள்ள ஒரே ஒரு வரியை அழித்தால் போதும். திருடனிடம் இருக்கும் சாவிக்கு அதன்பின் கதவு திறக்காது.